எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை மாட்டிவிட்டது என் வாயிலிருந்து வந்த கெட்ட வார்த்தை இல்லை. பேசத் தெரிந்த நாளிலிருந்து எல்லாரும் சொல்லிக்கொடுத்த நல்ல வார்த்தை. அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

வீராம்பட்டினத்தில் ஆடித் தேர் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தேரன்று என் மகள் அபி கூட்டத்தில் காணாமல் போய்விட்டாள். ஏழு வயதுப் பிள்ளை. கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். பலூன்காரனிடம் பேரம் பேசத் திரும்பிய நேரத்தில் என் கையில் அவள் கை இல்லை. அப்புறம் மைக்கில் பஞ்சநாதன் அண்ணன் குரல் கேட்டது. “பச்சைப் பாவாடை அணிந்த அபி என்ற சிறுமி விழா மேடையில் இருக்கிறாள். தாயார் மேனகா எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும். நன்றி. மெர்சி.” அண்ணனுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த மெர்சியைச் சேர்க்காமல் அவருக்கு நன்றி சொல்ல வராது.

கொண்டை அவிழ்ந்து, ஒரு கால் செருப்பு எங்கோ போய், நான் அந்த மேடையில் போய் விழுந்தேன். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் முதுகில் இரண்டு வைத்தேன்.

“இனிமே அம்மா ஒரு எடத்துல இருன்னு சொன்னா அங்கயே இருக்கணும். உசுரே போனாலும் அசையக் கூடாது. புரியுதா?”

அவள் விக்கிக்கொண்டே தலையாட்டினாள். அபி தலையாட்டினால் ஆட்டினதுதான், மாறமாட்டாள். அப்பனைப் போலப் பிடிவாதம்.

அந்த அப்பன், என் வீட்டுக்காரர் வெற்றிச்செல்வன், ஞாயிறு காலையில் கடலிலிருந்து வந்தவர் தூக்குப் பாத்திரத்தைப் படகிலேயே மறந்துவிட்டு வந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மீன்குழம்பு ஊற்றிக் கொடுத்த தூக்கு. ஒரு பகல் வெயிலில் கிடந்தால் அப்புறம் தெருநாய்கூட அதை முகராது. ஆறு நாள் மேட்டுப்பாளையம் கம்பெனியில் பாட்டில் மூடி பொறுக்கிவிட்டு ஒரே ஒரு நாள் லீவில் இருப்பவள் நான். எனக்கு இந்த வேலையும் சேர்த்து. திட்டிக்கொண்டே அபியையும் இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன்.

சாயங்கால வெயில் மேற்கிலிருந்து சுள்ளென்று அடித்தது. படகின் நிழல் கடல் பக்கமாக விழுந்திருந்தது. அந்த நிழலில் அபியை உட்காரவைத்துவிட்டுப் படகுக்குள் குனிந்து தூக்கை எடுத்தேன். பௌர்ணமி கிட்டத்தில் கடல் மேலே ஏறும் என்று எனக்குத் தெரியாதா? மீனவன் வீட்டில் பிறந்து மீனவனுக்கே வாக்கப்பட்டவள். தூக்கை எடுத்துக்கொண்டு உடனே திரும்பத்தானே போகிறோம் என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து ‘கொய்ங்ங்’ என்று மைக் கத்தியது.

“தாயார் மேனகா எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும். நன்றி. மெர்சி.”

மைக் செட்டைத்தான் தேர் முடிந்த மறுநாளே கழற்றிக்கொண்டு போய்விட்டார்களே! எவனோ போனில் பதிவுசெய்து வைத்துக்கொண்டு என்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்தேன். எனக்கு ஜிவ்வென்று ஏறியது. பிள்ளையைத் தொலைத்தவள் என்று ஒரு வாரமாகத் தெருவில் கேட்ட பேச்சு போதாதா?

“அபி, இங்கயே இரு. அசையாத. அம்மா இதோ வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, தூக்கும் கையுமாகத் தோப்புக்குள் போனேன்.

உள்ளே ஒரு காக்கா சத்தம்கூட இல்லை. மரங்களுக்கு நடுவே மண் நிறத்தில் ஒன்று கிடந்தது. கவிழ்த்துப் போட்ட படகு போலத்தான் இருந்தது. ஆனால் அதற்கு நிழல் இல்லை. சுற்றிலும் சவுக்கு மர நிழல் நீளநீளமாக விழுந்திருக்க, அதன் அடியில் மட்டும் பளீரென்று வெயில். திரும்பிவிடலாம் என்று காலை எடுத்து வைத்தபோது, எதிரே காயப்போட்டிருந்த வலைகள் எழுந்து நின்றன.

வலைகள் என்றுதான் முதலில் நினைத்தேன். காயப்போட்டவன் எவனும் அங்கே இல்லை, கட்டிய கயிறும் இல்லை. ஆள் உயரத்துக்கு நின்றன. கண்ணிகளின் வழியே பின்னாலிருந்த மரங்கள் தெரிந்தன. முகம் என்று ஒன்று இல்லை. ஆனால் அவை என்னைத்தான் பார்க்கின்றன என்று என் உடம்பு முழுக்கத் தெரிந்தது. நடந்து வந்தன. உள்ளேயிருந்து பஞ்சநாதன் அண்ணனின் குரல் வந்தது.

“அன்பார்ந்த தாயாரே. காணாமல் போன உலகம் ஒன்று தேடப்படுகிறது. அடையாளம்: சிவந்த நிலம். ஒரே ஒரு கடல். எங்கள் முன்னோர் புறப்பட்டு வந்த முதல் உலகம். எங்கள் பாட்டுகளில் அது இருக்கிறது, வானத்தில் கிடைக்கவில்லை. கடலுக்கடியில் இருந்து உங்கள் விழாவைக் கேட்டோம். காணாமல் போனது அறிவிக்கப்பட்டது. தாங்கள் ஓடி வந்தீர்கள். அது கிடைத்தது. எங்கள் அறிவிப்புக்கு இதுவரை யாரும் வந்ததில்லை. தாங்கள் எங்களோடு வருவீர்களா?”

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஓடினால் துரத்துமோ, கத்தினால் மேலே விழுமோ என்று பயம். கும்பிடு போட்டுவிட்டு மெதுவாக நழுவிவிடலாம் என்றுதான் பட்டது. கம்பெனியில் சூப்பர்வைசரிடமிருந்து தப்பிப்பது போலச் சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தேன்.

“சரிங்க. ரொம்ப சந்தோசம்ங்க. அப்ப நான் வரேங்க” என்றேன்.

வேறு என்ன சொல்வேன்? எந்த வீட்டில் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள்? சின்ன வயதில் ஒரு தடவை வாய் தவறி அப்படிச் சொன்னதற்கு என் அம்மா வாய்மேலேயே போட்டாள்.

“தாயார் வருவதாகச் சொன்னார்” என்றது குரல். “நன்றி. மெர்சி.”

வலைகள் நாலு பக்கமும் என்மேல் விழுந்தன.

*

கண் திறந்தபோது காலடியில் தரை கண்ணாடியாக இருந்தது. அதற்குக் கீழே எங்கள் கடற்கரை. படகுகள் தீக்குச்சி அளவுக்குத் தெரிந்தன. ஒரு படகின் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அன்றைக்கும் அதே பச்சைப் பாவாடையைத்தான் கட்டியிருந்தாள். அந்தப் புள்ளி அசையவே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துறைமுகமும் கலங்கரை விளக்கமும் கோடு கிழித்த மாதிரி இருந்த டவுன் தெருக்களும் ஒன்றாகச் சுருங்கின. அப்புறம் நீலம். அப்புறம் கறுப்பு.

நான் கத்தின கத்தலை எழுத முடியாது. தூக்கால் சுவரில் மடேர் மடேரென்று அடித்தேன். தூக்குதான் நசுங்கியது.

“நாசமாப் போறவனுங்களா! எறக்கி வுடுங்கடா! எம்புள்ள கரையில உக்காந்திருக்குடா!”

“அமைதி காக்கவும்” என்றது குரல். “குழந்தை காணவில்லையா?”

“குழந்தை அங்கதான்டா இருக்கு! நான்தான்டா காணாமப் போயிட்டேன்!”

வலைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டன. பேசிக்கொள்கின்றனவோ என்னவோ. “தாங்கள் வருவதாகச் சொன்னீர்கள்” என்றது குரல்.

“வரேன்னா போறேன்னு அர்த்தம்டா!”

“வருவது என்றால் போவதா?”

“ஆமா! கெளம்பும்போது போறேன்னு சொல்ல மாட்டோம். வரேன்னுதான் சொல்லுவோம். போனவங்க திரும்பி வரணும் இல்ல, அதுக்கு. அதுகூடத் தெரியாம தமிழ் பேச வந்துட்டீங்க!”

மைக் மெல்ல இரைந்தது. “எங்கள் முன்னோரும் முதல் உலகத்தைவிட்டுக் கிளம்பும்போது ‘வருவோம்’ என்றுதான் சொன்னார்களாம். எங்கள் பாட்டுகளில் அப்படி இருக்கிறது.”

“அப்பறம் ஏன் வரல?”

“வழி மறந்துபோனது.”

அதைச் சொன்ன விதத்தில் எனக்கு வேறு ஒரு பயம் வந்தது. வழி மறந்துபோகிறவன்களோடு நான் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன்? “சொன்ன சொல் மாறுவது எங்களிடம் இல்லை” என்றது குரல். “தாங்களும் மாற வேண்டாம். உலகம் கிடைத்ததும் கொண்டுபோய் விடுவோம்.”

கிடைக்காவிட்டால்? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் கண் முன்னால் அந்தப் படகின் நிழல்தான் நின்றது. கடல் பக்கத்து நிழல். தண்ணீர் ஏறும். காலில் படும், இடுப்பில் படும். அசையாதே என்று சொன்னவள் நான். அவள் அசையமாட்டாள். அது எனக்குத் தெரிந்த மாதிரி உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. நெஞ்சில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவன்கள் தேடின அழகைச் சொல்ல வேண்டும். கண்ணாடித் தரைக்குக் கீழே ஓர் உலகம் வரும். மேலே நின்றபடி, “முதல் உலகத்தினர் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்” என்று அறிவிப்பார்கள். காத்திருப்பார்கள். ஒருத்தரும் வரமாட்டார்கள். அடுத்ததுக்குப் போவார்கள். ஒன்று பச்சைப் புகையாகச் சுழன்றது. அதற்குள் மலை அளவுக்கு ஏதோ புரண்டு படுத்தது. இன்னொன்று முழுக்கப் பனி; பனிக்கு அடியில் தெருத்தெருவாக விளக்கு எரிந்தது, ஆனால் ஓர் ஆள் நடமாட்டம் இல்லை. ஒன்று இரண்டாகப் பிளந்து கிடந்தது, பிளந்த இடத்தில் படிக்கட்டுகள் அந்தரத்தில் தொங்கின. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பார்த்தேன். பயத்தில் கண்ணை மூடினால் பச்சைப் பாவாடை தெரிந்தது. அதற்கு இதுவே தேவலை.

அப்புறம் செம்மண் வந்தது. எங்கள் பாகூர்ப் பக்கத்து வயலை உழுது போட்ட மாதிரி இல்லை. அதைவிடச் சிவப்பு, ரத்தம் காய்ந்த சிவப்பு. ஓரத்தில் கறுப்பாக ஒரே ஒரு கடல்.

“எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்.”

காத்திருந்தார்கள். காற்றுகூட அசையவில்லை.

“யாரும் வரவில்லை” என்றது குரல். “முன்பும் இங்கே பலமுறை அழைத்திருக்கிறோம். இது அல்ல.” தரை மங்க ஆரம்பித்தது.

மங்குவதற்குள் நான் பார்த்துவிட்டேன். அந்தக் கரை ஓரமாக நெடுக, சின்னச் சின்னப் புள்ளிகள். வரிசையாக. மேலே இருந்து பார்த்தபோது அபி எப்படித் தெரிந்தாளோ அப்படி.

“நிறுத்துங்கடா! எறக்குங்கடா கீழ!” என்று கத்தினேன்.

கத்திவிட்டேனே தவிர, இறங்கக் கால் வரவில்லை. அவர்களில் ஒருவன் தன்னையே என்மேல் போர்த்தினான். மூச்சு விட முடிந்தது. மீன் கவுச்சி அடிக்கும் என்று நினைத்தேன், எந்த வாடையும் அடிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கதவு திறந்ததும் அந்தச் சிவப்பு மண்ணில் கால் வைத்தேன்.

புள்ளிகள் எல்லாம் இவர்களுடைய சனங்கள்தான். இவர்களைப் போலவே வலை வலையாக. ஆனால் நிற்கவில்லை, உட்கார்ந்திருந்தார்கள். கண்ணி அறுந்து, மக்கி, சருகாகக் காய்ந்து, கரை நெடுகக் கடைசி வரைக்கும். எல்லாரும் தலையைப் பின்னுக்குச் சாய்த்து வானத்தைப் பார்த்தபடி. எழுந்து போன ஒரு தடம்கூட மண்ணில் இல்லை. எழுந்து போயிருந்தால் பிழைத்திருப்பார்களோ என்னவோ. கொஞ்ச தூரத்தில் மலைப்பக்கம் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. ஒருத்தரும் அந்தப் பக்கம் போகவில்லை.

எனக்கு முன்னால் கவிழ்ந்த படகு மாதிரி ஒன்று பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு குட்டி வலை. என் இடுப்பு உயரம்கூட இருக்காது. செத்துப்போன இந்தப் படகுக்கு நிழல் விழுந்தது; அந்த நிழல் இருந்த பக்கமாகப் பார்த்து உட்காரவைத்திருந்தார்கள்.

என் கையிலிருந்து தூக்கு விழுந்தது. நான் அந்த மண்ணிலேயே மண்டியிட்டு ஓவென்று அழுதேன். எந்தப் பெற்றவள் அசையாதே என்று சொல்லிவிட்டுப் போனாளோ, அவளுக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா, தெரியாது.

“அழைத்தோமே” என்றது குரல். பஞ்சநாதன் அண்ணன் குரல்தான், ஆனால் நடுங்கியது. “பலமுறை அழைத்தோமே. ஏன் மேடைக்கு வரவில்லை?”

“எப்படிடா வருவாங்க?” என்று சீறினேன். “வருவோம், அதுவரைக்கும் இங்கயே இருங்கன்னு நீங்கதான சொல்லிட்டுப் போனீங்க! அசையாம இருன்னு சொன்ன புள்ளய மைக்குல கூப்புட்டா எழுந்து வருமா? நீங்கதான்டா எறங்கி வந்து தூக்கணும்! இது காணாமப் போகல. உட்ட எடத்துலயே இருக்குது. காணாமப் போனவனுங்க நீங்கதான்!”

அவர்கள் ஒவ்வொருவராக வரிசைக்குள் நடந்து போனார்கள். ஒருவன் குட்டி வலையைத் தொட்டான். அது பொடியாகி அவன் கண்ணிகள் வழியாக உதிர்ந்தது. அப்போது மைக் ஊளையிட்டது. அத்தனை பேரிடமிருந்தும் ஒரே நேரத்தில். நான் காதைப் பொத்திக்கொண்டேன், எலும்புக்குள் கேட்டது. அடுத்து என்னைத்தான் கொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனாலும் எழுந்து நின்று கத்தினேன்.

“அழுவறத அப்பறம் அழுவலாம்! எம்புள்ளயும் இப்படித்தான்டா உக்காந்திருக்குது! என்னக் கொண்டுபோய் உடுங்கடா!”

*

தோப்பில் என்னை இறக்கியபோது வெளிச்சம் மங்கியிருந்தது. அதே ஞாயிறா, வேறு ஞாயிறா, எந்த வருஷம் என்று யாரைக் கேட்பது? சவுக்கு மரம் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே ஓடினேன். அதே உயரம்தான் இருந்த மாதிரி இருந்தது. என் கண்ணை நானே நம்பவில்லை. தாயே, செங்கழுநீர் அம்மா, என் பிள்ளை என் பிள்ளையாகவே இருக்கணும் என்று வாய்விட்டுக் கும்பிட்டுக்கொண்டே மணலில் விழுந்து எழுந்து ஓடினேன்.

கடல் மேலே ஏறியிருந்தது. படகு பாதி மிதந்து, ஒவ்வோர் அலைக்கும் தூக்கித் தூக்கிப் போட்டது. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் யாரும் இல்லை. எனக்கு உலகமே நின்றுவிட்டது. தண்ணீருக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனேன்.

இருந்தாள். மார்பு வரைக்கும் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். படகுக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அலை முகத்தில் அடிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, போனதும் துப்பினாள். உதடு நீலமாகியிருந்தது. ஆனால் உட்காரவைத்த இடத்தைவிட்டு அசையவில்லை.

வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கரை ஏறினேன். “ஏன்டி எழுந்து வரல? தண்ணி ஏறுது, தெரியல? ஏன்டி வரல?”

“நீதான அசையாதன்னு சொன்ன” என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதும், நான் செத்தாலும் மறக்காது. அடிக்க ஓங்கின கையால் என் தலையிலேயே அடித்துக்கொண்டேன். அவள் முகமெல்லாம் முத்தமிட்டேன். உப்புக் கரித்தது.

பின்னால் ‘கொய்ங்ங்’ என்றது. தோப்பு ஓரத்தில் அவர்கள் வரிசையாக நின்றார்கள்.

“குழந்தை கிடைத்துவிட்டது. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. மெர்சி. நாங்கள் விடைபெறுகிறோம்.”

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நாக்கைக்கூடக் கடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று உறுதியாக இருந்தேன். பட்டுத் தெரிந்துகொண்டவள் இல்லையா?

அபி என் தோளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்குப் பயமே இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் கிளம்பினால் மரியாதையாக என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், நாலு பேர் நம் வளர்ப்பைக் குறை சொல்லக் கூடாதே என்று. ஈரக் கையை ஆட்டினாள்.

“போயிட்டு வாங்க!”

அவள் வாயைப் பொத்தினேன். பொத்தி என்ன பிரயோஜனம்?

வலைகள் உரசிக்கொண்டன. இந்தத் தடவை நீண்ட நேரம் உரசின.

“சிறுமி அபி வரச் சொன்னார்” என்றது குரல். “வருவோம். வருவோம் என்றால் திரும்பி வர வேண்டும் என்று தாயார் சொல்லிக்கொடுத்தார். இனி வழி மறக்கமாட்டோம். இறங்கி வந்து தூக்குவோம்.”

மெர்சி சொல்லவில்லை. தோப்பில் வெயில் போல ஒரு வெளிச்சம் அடித்து அடங்கியது. நிலா கடலுக்குமேல் வந்திருந்தது.

வீட்டில் எழுந்து உட்கார்ந்திருந்த வெற்றிச்செல்வன், “எம்மா நேரம் ரெண்டு பேரும்? தூக்கு எங்க?” என்றார். கடல் கொண்டுபோய்விட்டது என்றேன். இன்னும் அவ்வப்போது கேட்கிறார், நல்ல தூக்காம்.

இப்போதெல்லாம் நான் கம்பெனிக்குக் கிளம்பும்போது ‘போறேன்’ என்றுதான் சொல்கிறேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் முகம் சுளிக்கிறார்கள். இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எதிர்வீட்டு பாக்கியலட்சுமி தண்ணீர்க் குழாயடியில் சொன்னாளாம். சொல்லிக்கொள்ளட்டும். கல்யாண வீட்டில் எவனாவது மைக்கைத் தட்டி ‘ஹலோ’ என்றால் நான் அபியின் கையைப் பிடித்துக்கொள்கிறேன், நகம் பதியும் அளவுக்கு. தண்ணீர் வந்தால், நெருப்பு வந்தால், அம்மாவே அசையாதே என்று சொல்லியிருந்தாலும் எழுந்து ஓடு என்று தினமும் சொல்லிக்கொடுக்கிறேன். தலையாட்டுகிறாள்.

ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் விடமாட்டேன் என்கிறாள். எத்தனை அடித்துச் சொன்னாலும் கேட்பதில்லை. காலையில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்ததும் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறாள். படியில் நின்று, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வானத்தை ஒரு தடவை பார்க்கிறாள்.

“வரேன்” என்கிறாள்.

என்னிடம்தான் சொல்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.